நான்காம் மேசையின் கையெழுத்து

விரல் நுனி வெடித்து அதில் உப்புத் தண்ணீர் ஏறும்போது வரும் எரிச்சல் ஒரு வகை. அது நாளாக ஆகப் பழகிவிடும். மணிக்கட்டுக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டு, கத்தியைத் திருப்பும்போதெல்லாம் முழங்கை வரை ஓடும் வலி இன்னொரு வகை. அது பழகாது. காலை ஐந்து மணி முதல் நின்றபடியே மீன் வெட்டிக்கொண்டிருந்த வக்கீலம்மாவுக்கு அன்று இரண்டும் இருந்தன. மதியம் இரண்டு மணிக்கு இதே கையால் மூன்று மணி நேரம் பரீட்சை எழுத வேண்டும்.

வக்கீலம்மா என்பது மீன் கொட்டகையில் வைத்த பெயர். அவள் இன்னும் வக்கீல் ஆகவில்லை. ஆகித் தொலைத்துவிடுவாளோ என்று முன்கூட்டியே செய்து வைத்த கிண்டல் அது. ஐந்து வருடம் மாலை நேரச் சட்டக் கல்லூரியில் படித்து எல்லாத் தாள்களையும் முடித்தாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று, தீங்கியல். ஒருவர் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ இன்னொருவருக்குக் கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு, யார் ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லும் சட்டம். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாள். மூன்றாவது முறைக்கு மேல் அந்தக் கல்லூரியில் வாய்ப்பு இல்லை. இன்றைக்கும் கோட்டை விட்டால் ஐந்து வருடமும் மீன் செதில் மாதிரி சாக்கடையோடு போகும்.

படிக்கிற விதம் அவளே கண்டுபிடித்தது. நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி, தாள் மிச்சமாகட்டும் என்று இரண்டு பக்கமும் நிரப்பி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டியிருந்தாள். ரத்தமும் சவ்வும் தெறித்தால் துடைத்துவிடலாம். எதிரே நிற்பவர் நம்பரைச் சொன்னால் போதும், இவள் கத்தியை நிறுத்தாமல் ஒப்பிப்பாள். ஒன்பது மாதமாக எதிரே நின்று நம்பர் சொன்னவள் அவளுடைய அண்ணி. எழுத்துக்கூட்டிப் படிப்பவள்தான். ஆனாலும் கேட்டுக் கேட்டே பாதிச் சட்டம் அவளுக்கு மனப்பாடம். ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தை விட்டுப் போனால் மீன் வாலால் மேசையைத் தட்டுவாள்.

பன்னிரண்டு நாளாக அந்த இடத்தில் அண்ணி இல்லை. ஐஸ் உடைக்கும் மெஷின் அவளுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் இப்போது நின்றவள் குண்டூசி. உடம்புக்கு ஏற்ற பெயர்.

"இருபத்தொண்ணு சொல்லு," என்றாள் குண்டூசி.

"அது நேத்தே ஆச்சு. வேற சொல்லு."

"இருபத்தொண்ணு."

"காது கேக்கலையா உனக்கு?"

"எனக்கு வாய்ல அதுதான் வருது. உங்க அண்ணி மாதிரி நம்பரை மாத்தி மாத்திச் சொல்ல நானென்ன லாட்டரிக்காரியா? சரி, பன்னெண்டு."

வக்கீலம்மா பன்னிரண்டைச் சொல்லத் தொடங்கினாள். தெரிந்தே ஏற்ற அபாயம் என்பது அதன் தலைப்பு. கையில் இருந்த மீனின் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே அழுகியிருந்தது. நாற்றம் மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கியது. கொட்டகையில் பதினோரு வருடம் ஆகியும் அவளுக்கு அந்த அழுகல் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருந்தது. அதைத் தொட்டியில் எறிந்துவிட்டு விட்ட இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"போச்சா," என்றாள் குண்டூசி. "மீனுக்கு வயிறு கெட்டா உனக்கு மூளை கெடுது."

ஒன்பது மணிக்கு மாடிப்படியிலிருந்து சின்னவரின் குரல் வந்தது. "ஏம்மா, கொஞ்சம் மேல வா."

சின்னவர் என்பது முதலாளியின் மகன். இருபத்தைந்து வயது. கூத்து என்னவென்றால் அவனும் அதே கல்லூரி, அதே தாள், அதே மதியம் இரண்டு மணி. கல்லூரி வாசலில் அவளை 'அக்கா' என்பான். கொட்டகையில் 'ஏம்மா' என்பான். மாடி அறையில் எதைச் சொல்வது என்று தெரியாமல் எதையும் சொல்லாமல் பேசுவான். ஒரு மாதமாக ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தினமும் ஒன்பதிலிருந்து பத்தரை வரை அவள் மாடியில் போய் அவனுக்குப் பாடம் சொல்ல வேண்டும். பதிலுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி வெட்டு இல்லை. பரீட்சை நாளில் பத்தரைக்கே கிளம்பலாம். அவள் குறிப்புகளை ஆபீஸ் மெஷினில் அவன் நகல் எடுத்துக்கொள்வான்.

மேலே ஏறுமுன் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் அவன் நாற்காலியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத்தான் "உக்காருங்க" என்றான். மூலையில் எலுமிச்சை வாசனை தெளிக்கும் டப்பா ஒன்று தானாகவே புஸ் என்றது. மீன் நாற்றத்தின்மேல் எலுமிச்சையைத் தெளித்தால் நாற்றம் போவதில்லை. எலுமிச்சை போட்ட நாற்றம் ஆகிறது. கீழே இருபத்தாறு பெண்கள் நாறுவதால்தான் இந்த அறையில் ஏசி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். காலையில் வெறும் டீதான் குடித்திருந்தாள்.

அவன் அவித்த முட்டை தின்றபடியே படித்தான். மஞ்சள் கரு உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. குறிப்புகளின் நகல்கள் மேசையில் கட்டாகக் கிடந்தன. ஒரு தாளைக் கவிழ்த்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தின்மேல் டீ கிளாஸை வைத்திருந்தான்.

"பன்னெண்டு கண்டிப்பா வரும்னு பேசிக்கிறாங்க," என்றான். "ஒப்பிக்கிறேன், பாருங்க. ஆபத்து இன்னதென்று முழுவதும் அறிந்து, தன் விருப்பத்தோடு அதை ஏற்றுக்கொண்ட ஒருவர், அதனால் தமக்கு நேர்ந்த கேட்டுக்குப் பிறர்மீது வழக்குத் தொடர இயலாது. கத்தி கூர் என்று தெரிந்தே கையில் எடுத்தவர், கத்திக்காரன்மேல் குறை சொல்ல முடியாது."

ஒரு சொல் பிசகவில்லை. அந்தக் கத்தி உதாரணம் புத்தகத்தில் இல்லாதது. கீழே தன் நான்காம் மேசையில் நின்றுகொண்டு அவளே யோசித்து எழுதியது. அதைக் கேட்டு அண்ணி விழுந்து விழுந்து சிரித்திருந்தாள். அவன் முட்டாளாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கசந்திருக்காது. அவன் நன்றாகப் படித்தான். இவள் சொல்லிக் கொடுத்ததால் படித்தான்.

"ஒரு சந்தேகம்," என்றான் சின்னவர். "ஆபத்து தெரியும்னு எப்படி நிரூபிக்கிறது? ஒரு ரிஜிஸ்டர்ல எழுதி, கையெழுத்தும் வாங்கி வச்சிருந்தா போதுமா?"

"போதும். எச்சரிச்சாங்க, கேட்டவர் ஒத்துக்கிட்டார்னு எழுத்துல இருக்கணும். அந்தப் பாயிண்டைத் தனியா எழுதினா மார்க் கூட." பாடம் சொல்லும் உற்சாகத்தில் விரலை மேசையில் தட்டிக்கூடக் காட்டினாள். "கையெழுத்து அவரோடதா இருக்கணும். அவ்வளவுதான்."

"அதான் கேட்டேன்," என்று அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "அந்த மெஷின்ல ஒரு பேப்பர் வந்திருக்கும், எடுத்துட்டு வாங்களேன்."

எடுத்து வந்தாள். எடுத்து வரும்போதே படித்தாள். அண்ணியின் பெயரில் அச்சடித்த கடிதம். அண்ணி சொல்வது போல எழுதியிருந்தது. ஐஸ் மெஷினுக்குள் கை விடக் கூடாது என்று பலமுறை எச்சரிக்கப்பட்டேன். கம்பிவலைக் கையுறை வாரந்தோறும் பெற்றுக்கொண்டேன். ஆபத்து இன்னதென்று முழுவதும் அறிந்து, என் விருப்பத்தோடு... கத்தி கூர் என்று தெரிந்தே கையில் எடுத்தவர்... ஆகையால் கொட்டகை நிர்வாகத்திடம் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. கீழே கட்டைவிரல் ரேகைக்கு ஒரு கட்டம்.

அழுகிய மீனைத் திறந்த மாதிரி இருந்தது. இந்த முறை நாற்றம் அவளுடைய எழுத்திலிருந்தே வந்தது.

"இது என்ன?"

"ஆஸ்பத்திரிச் செலவை அப்பா கட்டிடுறேன்னு சொல்லிட்டார். சும்மா கட்ட முடியாதில்ல, ஒரு பேப்பர் வேணும். உங்க வீடு காலேஜ் போற வழிதானே. அந்தக் கையால கையெழுத்துப் போட முடியாது, ரேகை வாங்கிட்டு வந்து வாசல்ல என்கிட்ட கொடுத்திடுங்க."

"கம்பிவலைக் கையுறை ஸ்டோர்ல ஒரே ஒரு ஜோடி இருக்கு. இன்ஸ்பெக்டர் வர்றப்ப மட்டும் வெளிய வரும்."

"ரிஜிஸ்டர் வேற மாதிரி சொல்லுதே."

பச்சை அட்டை போட்ட அந்தப் பதிவேட்டை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். வைத்த விதமே அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்தப் புத்தகம் கொட்டகையைச் சுற்றி வரும். 'கையுறை பெற்றேன், எச்சரிக்கப்பட்டேன்' என்று பெயருக்கு எதிரே எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். வெட்டிய எடைக்குத்தான் கூலி. கத்தியை வைத்து, கையைக் கழுவி, துடைத்து, வரிசையில் நின்று போட்டால் கால் மணி நேரம் போய்விடும். மேசைக்கு மூன்று பெட்டி நஷ்டம். அதனால் மேசைக்கு ஒருத்தி எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவாள். நான்காம் மேசையில் அந்த வேலை வக்கீலம்மாவுடையது. நாலு பெயருக்கு நாலு விதமாகப் போடுவாள். அண்ணிக்குச் சாய்த்து, குண்டூசிக்கு வால் இழுத்து. "அச்சு அசல்" என்று மற்ற மேசைக்காரிகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சின்னவர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "இது போன வாரத் திங்கட்கிழமை. உங்க அண்ணி கை அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்த நாள். அன்னைக்கும் அவங்க கையெழுத்து இருக்கு. எப்படின்னு யோசிச்சேன்."

அவளுக்கு நினைவுக்கு வந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துத் தூங்காமல் வந்து, பழக்க தோஷத்தில் நாலு வரியும் போட்டுத் தள்ளியிருந்தாள். நாலாவது வரியில் கை தானாகவே சாய்ந்தது.

"வக்கீலாப் பதிவு பண்றப்ப, எம்மேல எந்தக் கேஸும் இல்லைன்னு எழுதிக் கொடுக்கணுமாமே," என்றான் அவன். மிரட்டுகிற குரல் இல்லை. சந்தேகம் கேட்ட அதே குரல். "கள்ளக் கையெழுத்து அது இதுன்னு எதுக்கு. நீங்க நல்லாப் படிச்சவங்க. இந்தப் புக்கை யாரும் பாக்க வேணாம். ஒரு ரேகை, முடிஞ்சு போச்சு."

அவன் தட்டில் மிச்சமிருந்த முட்டையை அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடுங்க, பரீட்சைக்குப் போறீங்க."

பசி வயிற்றைக் கிள்ளியது. முட்டையில் அவன் பல் பட்ட இடம் தெரிந்தது. கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கீழே ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குப் போட வேண்டிய இரும்பு மூடி வழக்கம்போல இரண்டாம் மேசைக்காரியின் காலுக்கடியில் இருந்தது. ஈரம் ஏறாமல் நிற்க நல்ல பலகை. மூடி போட்டால் ஐஸ் கட்டி சிக்கிக்கொள்ளும். மெஷினை நிறுத்தினால் திரும்ப ஓட்ட மேஸ்திரி வர வேண்டும். அதற்குள் எடை போடும் வரிசையில் இடம் போய்விடும். ஓடும்போதே கையால் தள்ளிவிடுவதுதான் வழி. எல்லாருமே தள்ளினார்கள். அவளும்தான். அன்று அண்ணியின் முறை.

"மொகம் ஏன் கருவாடாட்டம் இருக்கு?" என்றாள் குண்டூசி.

"ஒண்ணுமில்ல. நம்பர் எதுவும் சொல்லாத."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி முப்பத்தொன்றாம் கேள்வியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அண்டை வீட்டுக்காரரின் தொல்லை, புகை, சத்தம், துர்நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். துர்நாற்றத்துக்கு வழக்குப் போடலாம் என்பதற்கான மூன்று நிபந்தனைகளும் அவளுக்குப் பளிச்சென்று நினைவுக்கு வந்தன.

வீடு என்பது ஓர் அறையும் ஒரு தண்ணீர்க் குழாயும். அண்ணன் லாரி பட்டறைக்குப் போயிருந்தான். அண்ணி தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கட்டின் ஓரம் மஞ்சளாகக் கசிந்திருந்தது. மருந்து வாடையும் சீழ் வாடையும் அறையில் நின்றன.

"வந்தியா. முதல்ல தின்னு. வெறும் வயித்தோட போய்த்தான் போன தடவை மயங்கி விழுந்த." ரொட்டியை நீட்டினாள். "அப்புறம் நம்பர் சொல்றேன். குண்டூசி ஒழுங்காச் சொன்னாளா?"

"இருபத்தொண்ணைத் தாண்டல."

"அவளுக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும். எடைபோடுறவன் ஏமாத்தத் தோதுன்னு அதனாலதான் அவ பக்கமே நிக்கிறான்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அண்ணி அதைக் கவனித்தாள். இருந்தாலும் "பன்னெண்டு" என்றாள்.

பன்னிரண்டு என்று கேட்டதும் கடிதத்தை எடுத்து அண்ணியின் முன்னால் போட்டாள். வாய்விட்டுச் சொல்லத் தெம்பில்லை. அண்ணி குனிந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். உதடு மட்டும் அசைந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்று, மேலே போகாமல், கண்ணை மூடி மீதியை மனப்பாடமாகவே சொன்னாள். "கத்தி கூர்னு தெரிஞ்சே கையில எடுத்தவர்..." கண்ணைத் திறந்தாள்.

"இது நம்ம பன்னெண்டு."

"ஆமா."

"இதுல என் பேர் ஏன் இருக்கு?"

சொன்னாள். முட்டை, ரிஜிஸ்டர், ரேகை, பதிவு, கேஸ், எல்லாம். சொல்லும்போது வாய்க்குள் ரொட்டி சுருண்டு திரண்டு நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அண்ணி கடிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை.

"மீதி எங்க?"

"என்ன மீதி?"

"பன்னெண்டுக்குப் பின்பக்கம் உண்டே. நீ எப்பவும் உறையைத் திருப்பிப் போட்டுட்டுத்தானே சொல்லுவ? 'ஆனால் தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு.' வேலை போயிடும், கூலி போயிடும்ங்கிற பயத்துல ஒரு தொழிலாளி சகிச்சுக்கிட்டா அது விருப்பம் ஆகாது. இதைத்தானே நீ அடிக்கடி விட்டுட்டு என்கிட்ட வாலடி வாங்குவ?"

வக்கீலம்மாவுக்கு டீ கிளாஸுக்கு அடியில் இருந்த வெள்ளைத் தாள் நினைவுக்கு வந்தது. மெஷின் ஒரு பக்கத்தை மட்டுமே நகல் எடுத்திருக்கிறது. ஒரு மாதமாக நாற்பது கேள்விக்கும் அவன் முன்பக்கத்தை மட்டுமே படித்திருக்கிறான்; அவன் கேட்ட சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்லிவந்த அவளும் அதைக் கவனிக்கவில்லை. பின்பக்கம் என்று ஒன்று இருக்கலாம் என்று அவனுக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

"அதெல்லாம் சரி அண்ணி. ரிஜிஸ்டர் இருக்கே. எச்சரிச்சாங்க, கையுறை கொடுத்தாங்கன்னு உங்க பேருக்கு நேரா கையெழுத்து இருக்கு. முப்பத்தொன்பது வாரம்."

"நான் ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடந்தேனே, அன்னைக்குமா நான் கையுறை வாங்கினேன்?"

"அந்தப் புக்குல அப்படித்தான் இருக்கு."

"அப்ப அந்தப் புக்கு பொய்யின்னு அதுவே சொல்லுதே. ஒரு வாரம் பொய்யின்னா மத்த வாரம் மட்டும் எப்படி நிஜம்?" அண்ணி இடது கையால் நெற்றியைத் தேய்த்தாள். "நான் படிக்காதவ. நீ சொல்லு, சரியா, தப்பா?"

சரி. ஐந்து வருடம் படித்தவளுக்குத் தோன்றாத ஒன்று, எழுத்துக்கூட்டுகிறவளுக்கு ரொட்டி பிய்க்கும் நேரத்தில் தோன்றிவிட்டது. ஏன் தனக்குத் தோன்றவில்லை என்றும் வக்கீலம்மாவுக்குத் தெரியும். காலை முழுக்க அந்தப் புத்தகத்தில் அவள் பார்த்தது தன் வக்கீல் பதிவை மட்டும்தான். அண்ணியின் விரலைப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு அழுகிய மீனைவிட மோசமாக நாறியது.

"சரிதான் அண்ணி. ஆனா போட்டது நீங்க இல்ல, நான்தான்னு யாராவது எழுதிக் கொடுக்கணும்."

எழுதிக் கொடுக்கக்கூடிய 'யாராவது' அந்த அறையில் ஒருத்திதான். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கடிதத்தை நாலாக மடித்து அவளிடமே நீட்டினாள்.

"ரேகை கிடையாது. இருக்கிற விரல்ல ஒண்ணைக்கூட அவனுக்குக் கொடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்காரன் கேட்டா கேக்கட்டும். அந்தப் புக்கை அவன் யார்கிட்ட வேணும்னாலும் காட்டட்டும். நீ எழுதிக் கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் இஷ்டம். நான் கேக்க மாட்டேன்."

"ஏன் கேக்க மாட்டீங்க?"

"கேட்டு வாங்கினா, பயத்துல கொடுத்ததா, விருப்பத்துல கொடுத்ததான்னு தெரியாம போயிடும். அதுவும் உன் பன்னெண்டுலதான் இருக்கு." அண்ணி ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டினாள். "மணி பன்னெண்டரை. கை கழுவிட்டுக் கிளம்பு. முப்பத்தேழு நீ இன்னும் சரியாச் சொல்லல."

முப்பத்தேழைச் சொன்னாள். இரண்டு இடத்தில் தட்டு வாங்கினாள். மீன் வால் இல்லாததால் கட்டுப் போடாத கையால் தரையில் தட்டினாள் அண்ணி.

கல்லூரி வாசலில் கடைசி நேரக் கூட்டம். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பவர்கள், வழிகாட்டிப் புத்தகத்தைக் கிழித்துப் பங்கு போடுபவர்கள், 'இது வரும், அது வராது' என்று வராததைப் பரப்பிவிடுபவர்கள். நகல் கடைக்காரன் 'கடைசிப் பத்துக் கேள்வி' என்று கூவி விற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பத்தில் ஏழு அவளுடைய குறிப்பு; சின்னவரின் ஆபீஸ் மெஷினிலிருந்து எப்படியோ கசிந்து போயிருக்கிறது. அதையும் ஒரு பக்கம் மட்டுமே அச்சடித்திருந்தான். அரைப் பதிலை வாங்க வரிசை நின்றது.

சின்னவர் சலவைச் சட்டையில் காரிலிருந்து இறங்கினான். எலுமிச்சை வாசனை அவனுக்கு முன்னால் வந்தது. "அக்கா," என்றான் நாலு பேர் காதில் விழும்படி. பிறகு கிட்டே வந்து தணிந்த குரலில், "வாங்கியாச்சா?"

மடித்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தான். கட்டம் காலி.

"என்ன இது?"

"தர மாட்டேன்னுட்டாங்க."

"நீங்க எடுத்துச் சொல்லலையா? புக்கு என்கிட்ட இருக்குன்னு..."

"சொன்னேன். ஆஸ்பத்திரியில கிடந்தவ கையுறை வாங்கினதா எழுதியிருக்கிற புக்கை யார்கிட்ட வேணும்னாலும் காட்டச் சொன்னாங்க. எங்க காட்டினா யாருக்குச் சேதம்னு யோசிச்சுட்டுக் காட்டுங்க."

அவன் வாய் திறந்து மூடியது. தண்ணீரை விட்டு எடுத்த மீன் மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் பார்த்த மீன்களெல்லாம் செத்துத்தான் வந்திருந்தன. அவன் கோபத்தைக் காட்ட இடம் சரியில்லை. சுற்றிலும் வகுப்புக்காரர்கள். கடிதத்தைக் கசக்கிப் பையில் திணித்தான். "பரீட்சை முடியட்டும், பேசிக்கலாம்," என்றான். போகிற போக்கில், பழக்கம் விடாமல், "பன்னெண்டு வந்தா அந்த ஒரு பக்கம் போதும்ல?" என்று கேட்டான்.

பின்பக்கத்தை ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. பதினோரு வருடமாக அந்தக் குடும்பத்துக்கு முதுகையும் கையையும் மூக்கையும் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதமாக மூளையையும். ஒன்றையாவது தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"நீங்க படிச்சதை எழுதுங்க," என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அவனுக்குத் தராமல் ஒளித்தது சரி. ஆனால் வாசலில் வீராப்பாகப் பேசியதெல்லாம் அண்ணியின் பேச்சு. 'காட்டச் சொன்னாங்க' என்றுதான் சொன்னாள். 'போட்டது நான்தான்' என்று சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது நாக்கு வழுக்கிக்கொண்டு பக்கத்து வார்த்தைக்குப் போய்விட்டது. பரீட்சை முடியட்டும் என்று அவன் சொன்னபோது, ஆமாம், முடியட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். முடிந்தால் முடிவு வரட்டும் என்று தோன்றும். முடிவு வந்தால் பதிவாகட்டும் என்று தோன்றும். இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று தெரிய ஐந்து வருடப் படிப்பு தேவையில்லை.

பரீட்சை அறையில் அவளுக்கு முன் இருக்கைக்காரன் இருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை அரை அடி முன்னே இழுத்துக்கொண்டான். அவள் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். சோப்புக்கு அடியில் மீன் அப்படியே இருந்தது. மணிக்கட்டில் அந்த ஆணியும் அப்படியே இருந்தது.

கண்காணிப்பாளர் வினாத்தாள் கட்டை மேசையில் வைத்துவிட்டு வருகைத் தாளைச் சுற்றுக்கு விட்டார். "அவங்கவங்க பேருக்கு நேரா அவங்கவங்க மட்டும் போடுங்க," என்றார், ஒவ்வொரு பரீட்சைக்கும் சொல்லும் அலுத்த குரலில். தாள் அவளிடம் வந்தது. வரிசையாகப் பெயர்கள், வரிசையாகக் கட்டங்கள். கை ஒரு நொடி அடுத்த வரிக்கும் போகப் பார்த்தது. தன் பெயருக்கு நேராக ஒன்று மட்டும் போட்டுவிட்டுத் தாளைப் பின்னால் தள்ளினாள். பேனா எடுத்த விரல் எரிந்தது.

வினாத்தாள் வந்தது. பன்னிரண்டு அதில் இருந்தது. அவள் முன்பக்கத்தை எழுதி முடித்து, நிறுத்தாமல், பின்பக்கத்தையும் எழுதினாள். தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. முகம் தெரியாத ஒரு திருத்துபவருக்கு அந்த வரியை அடிக்கோடிட்டுக் கொடுத்தாள்.

அண்ணிக்குக் கொடுக்க வேண்டிய வரி அது அல்ல. அந்த முப்பத்தொன்பது கையெழுத்தும் அண்ணியுடையது அல்ல, நான் போட்டவை என்று ஒரு தாளில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.